கீழக்கரை சுலைகாவும் ஆறு பழைய கம்ப்யூட்டர்களும்

ஒரு கொட்டேஷன் காகிதத்தால்தான் எனக்குச் சுலைகாவைத் தெரியவந்தது.

2007 ஜூன் மாதம். கீழக்கரையில் ஒரு தனியார் பெண்கள் பள்ளிக்குத் தலைமை ஆசிரியையாக வந்து சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. என் சொந்த ஊர் நயினார்கோவில். இங்கே ஒரு வாடகை வீடு. கேள்வித்தாள் அடிக்கவும் மதிப்பெண் பட்டியல் போடவும் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் நல்லது என்று நினைத்து, ராமநாதபுரத்தில் ஒரு கடையில் விலை கேட்டு எழுதி வாங்கி வந்தேன். முப்பத்தெட்டாயிரம் சொச்சம். பள்ளி எழுத்தர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "டீச்சர், எதுக்கும் சுலைகா லாத்தாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க. இந்த ஊர்ல அவங்களைக் கேக்காம யாரும் வாங்குறதில்லை" என்றார். லாத்தா என்றால் இங்கே அக்கா.

அன்று மாலையே சுலைகா வீட்டுக்குப் போனேன். முப்பத்தைந்து, முப்பத்தாறு வயது இருக்கும். தலையில் முக்காடு, கையில் பென்சில். காகிதத்தை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இதுல என்ன வேலை செய்யப் போறீக டீச்சர்?"

"கேள்வித்தாள் அடிக்கணும். மார்க் லிஸ்ட் போடணும்."

"பாட்டு, படம்?"

"எப்பவாச்சும்."

"கேம்ஸ்?"

"எனக்கெதுக்கு கேம்ஸ்?"

பென்சில் மூன்று இடத்தில் கோடு போட்டது. கிராஃபிக்ஸ் கார்டு போனது. டிவி பார்க்கிற கார்டு போனது. அறையின் நாலு மூலையிலும் வைக்கச் சொல்லி எழுதியிருந்த ஸ்பீக்கர்கள் போயின. "இந்தக் காசுல நல்ல யூ.பி.எஸ். வாங்கலாம். கடைக்காரர் அதைத்தான் ஆகக் குறைஞ்சதாப் போட்டிருக்காரு" என்றார். எழுந்து புறப்படும்போது, "வூட்டுல எர்த் இருக்கா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. மறுநாள் டெஸ்டரோடு வந்து, பிளக் பெட்டியைக் கழற்றிக் காட்டினார். மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் வயரே இல்லை. வெறும் ஓட்டை. வீட்டுக்காரரிடம் பேசி எர்த் போட வைத்த பிறகுதான் கம்ப்யூட்டர் வாங்க விட்டார். இருபத்தாறாயிரத்துக்கு முடிந்தது. இதை எழுதுவதும் அதில்தான்.

என்ன படித்தவர் என்று விசாரித்தேன். பிளஸ் டூ. அதற்கு மேல் எந்த வகுப்புக்கும் போனதில்லை. கம்ப்யூட்டர் சென்டர் வாசலைக்கூட மிதித்ததில்லை. பிறகு எப்படி என்று கேட்டபோது சிரித்தார். கதையை எனக்கு முழுதாகச் சொன்னவர் அவர் கணவர் சீனி முகம்மதுதான், பின்னால் ஒரு விடுப்பில் வந்திருந்தபோது. தான் முகம் கறுத்து நின்ற இடத்தையும் விடாமல் சொன்னார்.

சீனி முகம்மது தம்மாமில் ஒரு ஏ.சி. கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை விடுப்பு. 1998 விடுப்பில், அங்கே வாங்கி அறையில் ஒரு வருஷம் வைத்திருந்த கம்ப்யூட்டரைப் பெட்டி கட்டிக் கொண்டுவந்தார். அந்தத் தெருவில் அதுதான் முதல் கம்ப்யூட்டர். வீட்டு முன்னறையில் மேசை போட்டு, வயர்களைப் பார்த்துப் பார்த்துச் செருகினார். பக்கத்து வீட்டு ஆட்களெல்லாம் வந்து நின்றார்கள். "பிஸ்மி" சொல்லிச் சுவிட்சைப் போட்டார்.

டப்பென்று ஒரு சத்தம். பின்னாலிருந்து புகை. அறை முழுக்கத் தீய்ந்த நாற்றம்.

முதலில் அசைந்தவர் சுலைகாவின் மாமியார் மலிகா. ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினார். வந்தவர்கள் ஆளுக்கொரு ஆறுதல் சொல்லிவிட்டுக் கலைந்தார்கள். சீனி முகம்மது அதைப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளினார். மீதி நாற்பது நாள் விடுப்பில் அதன் பேச்சை யாரும் எடுக்கவில்லை. விமானம் ஏறப் போகிற அன்று மட்டும், "அதைத் தொடாதே, பழைய இரும்புக்குப் போட்டுரு" என்று சுலைகாவிடம் சொன்னார்.

அவர் போன பதினைந்தாம் நாள் சுலைகா அதைத் தொட்டார். இத்தனை பெரிய பெட்டி ஒரே ஒரு சத்தத்தில் மொத்தமாகச் செத்திருக்கும் என்பதை அவரால் நம்ப முடியவில்லை. சி.பி.யு.வை மட்டும் எடுத்துக்கொண்டு ராமநாதபுரத்தில் ஒரு கடைக்குப் போனார். கடைக்காரர் நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார். மோந்து பார்த்தார்.

"மதர்போர்டு, ஹார்ட் டிஸ்க் எல்லாம் போயிருச்சும்மா. ஐந்நூறு தாரேன், விட்டுட்டுப் போங்க. புதுசு வாங்கினா அதுல கழிச்சுக்கலாம்."

"தொறந்து பாக்காமயே எப்படிச் சொல்லுறீக?"

"இதைத் தொறந்து வேற பாக்கணுமா?"

சுலைகா பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் வீடு வந்துவிட்டார். கடைக்காரர் ஒரு திருகாணியைக்கூடத் தொடவில்லை என்பது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. மாமியாரிடம் சொன்னார். "மதுரைக்குப் போவம். நானும் வாரேன்" என்றார் மலிகா.

பழைய சேலையில் மூட்டை கட்டி, மடியில் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு இருவரும் மதுரைக்குப் போனார்கள். பரமக்குடி தாண்டியதும் கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்டார். "இது சாமான் இல்லப்பா, சீக்காளி. வைத்தியம் பாக்கக் கொண்டு போறோம்" என்றார் மலிகா. கண்டக்டர் சேலை முடிச்சை விரலால் தட்டிப் பார்த்தார். தகரச் சத்தம் கேட்டது. சிரித்துக்கொண்டே முன்னால் போய்விட்டார்.

மதுரையில் தெரிந்த துணிக்கடைக்காரர் ஒருவர் வழி சொல்ல, ஒரு மாடி அறைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே இருந்தவர் பெயர் இருளாண்டி. கமுதிப் பக்கம். சுலைகா வயதுதான். பேச்சு குறைவு, கோபம் அதிகம். வாங்கியதும் திருகாணியைக் கழற்றினார். உள்ளே பின்மூலையில் இருந்த ஒரு தகரப் பெட்டியை உருவி வெளியே வைத்தார். அதுதான் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ். பக்கத்திலிருந்த வேறொன்றை எடுத்து மாட்டிச் சுவிட்சைப் போட்டார். பீப் என்று ஒரு சத்தம். திரையில் வெள்ளை எழுத்து ஓடியது.

"இதான் போச்சு. வேற ஒண்ணும் ஆகலை" என்று கருகிய தகரப் பெட்டியைத் திருப்பி, பின்னால் இருந்த சின்னச் சிவப்புச் சுவிட்சைக் காட்டினார். அதில் 115 என்று இருந்தது. "அங்கன வீட்டுக் கரண்டு நூத்தி இருவத்தேழு வோல்ட்டு. அதுக்கு இது சரி. நம்மூர்ல இருநூத்தி முப்பது. இதை இப்படித் தள்ளிவிட்டுட்டுப் போட்டிருக்கணும். ஒரு நகம் பட்டாப் போதும்."

நானூற்றைம்பது ரூபாயில் வேலை முடிந்தது. மலிகா எழுந்துவிட்டார். சுலைகா எழவில்லை. திறந்து கிடந்த பெட்டிக்குள் கையைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டார்.

"அக்கா, எனக்கு வேலை கெடக்கு."

"வேலை எனக்குச் சொல்லித் தர வேணாம். ஒவ்வொண்ணுக்கும் பேரும் விலையும் மட்டும் சொல்லுங்க."

இருளாண்டி எரிச்சலோடுதான் ஆரம்பித்தார். பத்து நிமிஷத்தில் சொல்லி முடித்தார். சுலைகா ஒரு பிட்டுக் காகிதத்தில் தமிழில் எழுதிக்கொண்டார். அவ்வளவுதான் அவர் படித்த படிப்பு.

மறுநாள் தம்மாமுக்குப் போன் போட்டார்.

"மச்சான், கம்ப்யூட்டர் ஓடுது."

"என்ன செஞ்சே?"

"ஒரு டப்பாவை மட்டும் மாத்துனாக."

"நான் செஞ்ச தப்பா அது?"

"சுவிட்சு மாறிக் கெடந்துச்சு மச்சான். மாத்தணும்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

அந்தக் கடைசிக் கேள்வியைச் சொல்லிவிட்டுச் சீனி முகம்மது, "வேற யாராச்சும் இருந்தா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டியிருப்பாங்க டீச்சர். இவ வெளியில ஒரு ஆளுகிட்ட மூச்சு விடலை" என்றார்.

அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் இருளாண்டிக்குப் போன் போடுவது சுலைகாவுக்கு வழக்கமானது. "ஹார்ட் டிஸ்க் என்ன விலை? மெமரி ஏறிச்சா, எறங்கிச்சா?" இவ்வளவுதான் பேச்சு. ஒரு வருஷத்தில் அவருக்கு ஒன்று பிடிபட்டது. இந்தச் சாமான்களில் புதிதாக வந்தது எப்போதும் கொள்ளை விலை. அதற்கு முந்தினது ஆறு மாதத்தில் பாதி விலைக்கு வந்துவிடுகிறது. வேலை இரண்டிலும் ஒன்றேதான். முந்தினதை வாங்கி, மிச்சத்தில் கரண்டுக்குப் பாதுகாப்புச் செய்துகொண்டால் யாரும் ஏமாற மாட்டார்கள்.

கீழக்கரையில் எந்த மாதமும் யாராவது ஒருவர் சபுரிலிருந்து, அதாவது வெளிநாட்டு வேலையிலிருந்து, விடுப்பில் வந்துகொண்டே இருப்பார். பெட்டியில் ஏதாவது ஒரு மின்சாமான் இருக்கும். சுவிட்சைப் போடுமுன் சுலைகாவைக் கூப்பிட வேண்டும் என்பது மெல்ல ஊரில் பழக்கமாயிற்று. வீடியோ கேமரா வந்தது, அதன் படம் இந்த ஊர் டிவியில் கறுப்பு வெள்ளையாகத்தான் தெரிந்தது. துபாய் செல்போன் ஒன்று இங்கத்திய சிம்மை ஏற்க மறுத்தது. ஒரு வீட்டில் கீபோர்டில் அரபி எழுத்து இருந்ததால் அதை மேசையின் அடித்தட்டில் காலுக்கு நேரே வைக்கக் கூடாது என்று வயதான உம்மா ஒருவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சுலைகா வாதாடவில்லை. மேசைக்கு மேலே ஒரு பலகை அடித்து அதில் வைத்துக் கொடுத்தார். அடிக்கக் கொஞ்சம் கை வலிக்கும், ஆனால் வீட்டில் சண்டை இல்லை.

பாதிப் பேருக்கு அவர் சொன்ன பதில் "வேணாம்" என்பதுதான். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஐம்பதாயிரத்தில் கம்ப்யூட்டர் வாங்கப் போனவரிடம், "புள்ளைக்கு இப்ப சைக்கிள்தான் வேணும்" என்று சொல்லி அனுப்பினார். ஒருமுறை ராமநாதபுரத்துக் கடைக்காரர், அதே ஐந்நூறு ரூபாய்க்காரர், ஆள் அனுப்பினார். ஆளைக் கூட்டி வந்தால் ஒரு பெட்டிக்கு இவ்வளவு என்று கமிஷன் தருவதாகச் சொன்னார். "அப்புறம் வேணாம்னு சொல்ல வாய் வராதே" என்று சுலைகா திருப்பி அனுப்பிவிட்டார்.

இப்படியே போய்க்கொண்டிருந்தது. 2005 வந்தது.

அந்த வருஷம் ஊருக்கு பிராட்பேண்ட் வந்தது. தம்மாமிலும் ஜித்தாவிலும் துபாயிலும் இருப்பவர்கள் முகத்தைத் திரையில் பார்த்துப் பேசலாம் என்ற செய்தி தெருவில் ஒரு வாரத்தில் பரவியது. நெட் சென்டர் இருந்தது. ஆனால் அங்கே ஒரு தட்டிக்கு அந்தப் பக்கம் ஆண்பிள்ளைகள் உட்கார்ந்திருக்க, இந்தப் பக்கம் கணவரோடு எப்படிப் பேசுவது? பக்கத்து வீட்டுக் காலிதாதான் முதலில் கேட்டார். காலிதா தையல் தைப்பவர். கணவர் ஜித்தாவில். கடைசி மகள் பிறந்து இரண்டு வயது ஆகியும் தகப்பன் முகம் தெரியாது.

"லாத்தா, ஆகக் கொறச்சலா எவ்வளவுக்கு முடியும்?"

காலிதாவைத் தொடர்ந்து இன்னும் ஐந்து வீடுகள். சுலைகா யோசித்தார். முகம் பார்த்துப் பேசுவதற்குப் புதுக் கம்ப்யூட்டர் தேவையே இல்லை. சென்னையில் ஆபீஸ்கள் இரண்டு வருஷம் ஓட்டிவிட்டுக் கழிக்கிற கம்ப்யூட்டர்கள் போதும். இருளாண்டிக்குப் போன் போட்டார். அவர் ஒரு சென்னை வியாபாரியிடம் ஒரே மாதிரி ஆறு பெட்டி பிடித்துக் கொடுத்தார். மானிட்டரோடு ஒன்று ஏழாயிரத்து ஐந்நூறு. வெப் கேமராவும் மைக்கும் தனி. ஆறு வீட்டுக்கும் ஆறு இணைப்பு வாங்காமல், இரண்டே இணைப்பு வாங்கி மொட்டை மாடி வழியாக, சுலைகா வீட்டையும் சேர்த்து, வீட்டுக்கு வீடு கேபிள் இழுத்தார்கள். அப்படிச் செய்யலாமா என்று அப்போது யாரும் யாரையும் கேட்கவில்லை.

முதல் நாள் காலிதா வீட்டில் கூட்டம். திரையில் கட்டம் கட்டமாக ஒரு முகம் வந்து நின்றது. இரண்டு வயதுப் பெண் அதைப் பார்த்துப் பயந்து அழுதது. ஜித்தாவில் அவர் அதைப் பார்த்து அழுதார். காலிதா இருவரையும் அதட்டினார்.

இரண்டு மாதம் தெரு சந்தோஷமாக இருந்தது. தம்மாமில் சீனி முகம்மதின் அறைவாசிகள் ஐந்து பேரும் வெள்ளிக்கிழமை தோறும் கேமரா முன்னால் வரிசையாக வந்து, எதை வாங்கட்டும் எதை விடட்டும் என்று சுலைகாவிடம் கேட்கத் தொடங்கினார்கள்.

மூன்றாம் மாதம் காலிதாவின் கம்ப்யூட்டர் தானாக அணைந்து தானாக எழுந்தது. முதலில் நாளைக்கு ஒருமுறை. பிறகு பேச்சுக்கு நடுவே நாலுமுறை. சுலைகா வந்து வயரையெல்லாம் அழுத்திவிட்டுப் போனார். சரியாகவில்லை. அடுத்த வாரம் எதிர்வீட்டில் ஒன்று எழவே மறுத்தது. அதற்கடுத்து இன்னும் இரண்டு. ஆறில் நாலு படுத்துவிட்டன.

ஜித்தாவிலிருந்து காலிதாவின் கணவர் போனில் கத்தினார். பழசை வாங்கினால் இப்படித்தான் ஆகும் என்றார். அந்தப் பேச்சு வீட்டை விட்டு வெளியே வரும்போது வேறு மாதிரி மாறியிருந்தது. ஆறு பெட்டிக்கும் சுலைகா கமிஷன் வாங்கியிருக்கிறார், அதனால்தான் பழசைத் தள்ளிவிட்டார் என்று மீன் வாங்குகிற இடத்தில் யாரோ பேச, அது மலிகாவின் காதில் விழுந்தது. கேட்டதைக் கேட்டபடி மருமகளிடம் வந்து சொன்னார்.

சுலைகா அன்று சோறு வைத்துவிட்டுச் சாப்பிட உட்காரவில்லை. "என்னையவா சொன்னாக?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகு திருப்புளியை எடுத்துக்கொண்டு காலிதா வீட்டுக்குப் போனார். காலிதா தையல் மிஷினை விட்டு எழாமல், "உள்ளதான் கெடக்கு" என்றார். சுலைகா பெட்டியைத் திறந்து மதர்போர்டில் டார்ச் அடித்துப் பார்த்தார். விரல் நுனி அளவு குட்டி உருளைகள் வரிசையாக நிற்கும், கெப்பாசிட்டர் என்று பெயர். அவற்றின் தலை தட்டையாக இருக்க வேண்டும். இதில் ஏழெட்டு வீங்கி மேடாக இருந்தன. இரண்டின் உச்சியில் காபி கறை மாதிரி ஏதோ வழிந்து காய்ந்திருந்தது. எதிர்வீட்டிலும் படுத்துக் கிடந்த மற்ற இரண்டு வீட்டிலும் போய்ப் பார்த்தார். அங்கேயும் அதே வரிசையில் அதே வீக்கம். ஓடிக்கொண்டிருந்த இரண்டையும் திறந்தார். அவற்றிலும் தொடங்கியிருந்தது.

இருளாண்டிக்குப் போன் போட்டார்.

"கெப்பாசிட்டர் வீங்கியிருக்கு தம்பி. ஆறுலயும்."

"அந்தச் சமயத்துல வந்த போர்டு நெறையதுல இந்தச் சீக்கு இருக்குக்கா. கெட்ட கெப்பாசிட்டர் உலகம் பூராப் போயிருக்கு."

"தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"பெட்டி பிடிக்கும்போது தொறந்து பாத்தீகளா?"

"ஆறும் ஓடுச்சுக்கா. ஓடுறதைத் தொறந்து பாக்கலை."

சுலைகாவுக்குக் கோபம் மூக்கு வரை வந்தது. ஆனால் திறந்து பார்க்காமல் எப்படிச் சொல்கிறீர்கள் என்று ஒரு கடைக்காரரைக் கேட்டவர் அவர். ஆறு பெட்டியும் தன் வீட்டு முன்னறையில் ஒரு நாள் முழுக்க இருந்தது. அவரும் ஒன்றைக்கூடத் திறக்கவில்லை. பீப் சத்தம் கேட்டதும் நிம்மதியாகி வீடு வீடாகக் கொடுத்துவிட்டார்.

"நீங்களும் பாக்கலை, நானும் பாக்கலை. இப்ப என்ன செய்யலாம், அதைச் சொல்லுங்க" என்றார்.

"மாத்திரலாம். ஒவ்வொண்ணையும் உருக்கி எடுத்துட்டு நல்லது வைக்கணும். சாமான் விலை பெருசில்லை, வேலைதான். ஆறு பெட்டியையும் இங்கன அனுப்புங்க."

"அனுப்புறதில்லை. நீங்க வாங்க. தெருவுல எல்லாரும் பாக்கணும்."

அன்று மாலை சுலைகா ஆறு வீட்டுக்கும் போனார். எல்லா வீட்டிலும் ஒரே பேச்சுதான். "சாமான்ல ஒரு கொறை இருக்கு. வாங்கும்போதே நான் தொறந்து பாத்திருக்கணும், பாக்கலை. ஞாயித்துக்கிழமை சரி பண்ணித் தாரேன். நீங்க எதுவும் தர வேணாம்." கமிஷன் பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் இருளாண்டி வந்து இறங்கினார். பையில் சால்டரிங் அயர்ன், ஈயச் சுருள், நூறு கெப்பாசிட்டர். முன்னறைத் தரையில் ஆறு பெட்டிகளும் வரிசையாகக் கிடந்தன. சுலைகா ஒவ்வொன்றாகக் கழற்றி, எந்த வீட்டுப் பெட்டி என்று பிளாஸ்திரியில் எழுதி ஒட்டி, போர்டை மட்டும் உருவிக் கொடுத்தார். இருளாண்டி ஈயத்தை உருக்கி, வீங்கினதை எடுத்து, புதியதை நட்டார். தெருப் பெண்கள் வாசலில் வந்து நின்றார்கள். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். மலிகா எல்லாருக்கும் தேத்தண்ணீர் போட்டுக்கொண்டே இருந்தார். பிடுங்கிப் போட்ட வீங்கின உருளைகளைச் சுலைகா ஒரு தட்டில் போட்டு வைத்தார். கேட்டவர்களுக்கு ஒரு நல்லதையும் ஒரு கெட்டதையும் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். மத்தியானத்துக்குள் தெருவில் எல்லாருக்கும் கெப்பாசிட்டர் என்றால் என்னவென்று தெரிந்துவிட்டது.

சாயங்காலத்துக்குள் ஐந்து பெட்டி எழுந்து ஓடியது. ஒன்று எழவில்லை. காலிதாவுடையது. இருளாண்டி மூன்று தடவை முயன்று பார்த்துவிட்டுக் கையை விரித்தார். "போர்டே செத்துருச்சுக்கா."

சுலைகா உள்ளே போனார். தன் வீட்டுக் கம்ப்யூட்டரை எடுத்து வந்தார். சீனி முகம்மது கொண்டுவந்த பெட்டியின் கூட்டுக்குள், கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து உள்ளே எல்லாவற்றையும் மாற்றி வைத்திருந்த கம்ப்யூட்டர் அது. பிளாஸ்திரியில் காலிதா பெயரை எழுதி ஒட்டினார்.

காலிதா அதைப் பார்த்தார். "அப்ப உங்களுக்கு?"

"எனக்கு இப்ப அவசரமில்லை. உங்க மவ வாப்பாவைப் பாத்துப் பழகிட்டா. இடையில விட்டா மறுபடியும் அழுவா."

காலிதா பெட்டியை இரு கையாலும் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நாலு நாள் கழித்து வந்தார். யார் என்ன பேசினார்கள் என்ற கதைக்கே போகாமல், "என் மதினி தொண்டியில இருக்காக. அவுகளுக்கும் பழசுல ஒண்ணு பாத்துக் குடுங்க லாத்தா. தொறந்து பாத்துட்டு" என்றார். சுலைகாவுக்கு அது போதுமாக இருந்தது. தனக்கு இன்னொன்று சேர்த்துக்கொள்ள அவருக்கு ஏழு மாதம் ஆனது. அதுவரை தம்மாம் அறைவாசிகள் காலிதா வீட்டுத் திரையில்தான் யோசனை கேட்டார்கள். காலிதாவும் பக்கத்தில் இருந்து சில யோசனைகளைச் சொல்லப் பழகிக்கொண்டார்.

நான் அந்த ஊருக்கு வந்தது இதற்கெல்லாம் பிறகு. அடுத்து நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு.

2008இல் எங்கள் பள்ளியில் கம்ப்யூட்டர் லேப் வைக்க நிர்வாகக் குழு முடிவெடுத்தது. வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள் பணம் அனுப்பியிருந்தார்கள். ஒரு நிறுவனத்தின் விற்பனையாளர் வழுவழு காகிதத்தில் திட்டம் கொண்டுவந்தார். இருபது புதுக் கம்ப்யூட்டர், ஏ.சி., கண்ணாடித் தடுப்பு, சுழல் நாற்காலி. தொகை சரியாக நன்கொடை அளவுக்கே வந்து நின்றது. குழுக் கூட்டத்துக்கு முன்பு நான் சுலைகாவை அழைத்துப் போய் அறையைக் காட்டினேன். ஜன்னல் பக்கம் போய் நின்றார். கடல் காற்று முகத்தில் அடித்தது. ஜன்னல் கம்பியை விரலால் தடவினார். துரு ஒட்டியது.

கூட்டத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். குழுத் தலைவர் நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். "இந்தம்மா என்ன படிச்சிருக்காங்க?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன், "பிளஸ் டூ" என்று சுலைகாவே சொல்லிவிட்டார்.

சுலைகா விற்பனையாளர் பக்கம் திரும்பினார். "ஒண்ணு கேக்கலாமா? பெட்டி ரிப்பேர்னா யாரு வருவாக?"

"எங்க சர்வீஸ் இன்ஜினியர் வருவாருங்க."

"எங்கேருந்து?"

"சென்னைலேருந்து."

"எத்தனை நாளுல?"

அவர் தொண்டையைச் செருமினார். "பத்து நாளுக்குள்ள வந்துருவாரு."

"உப்புக் காத்து பட்டு துருப்பிடிச்சா வாரண்டியில சேருமா?"

அவர் காகிதத்தைப் புரட்டினார். வெகு நேரம் புரட்டினார். அதில் அதற்கான பக்கம் இல்லை.

சுலைகா தன் யோசனையைச் சொன்னார். பதினைந்து கம்ப்யூட்டர் போதும், பதினாலு வேலைக்கு, ஒன்று கையிருப்பு. அவை எல்லாம் ஒரே மாதிரி, முந்தின வருஷத்து மாடல். கடல் பக்க ஜன்னல் இரண்டையும் அடைத்து உள்முற்றத்துப் பக்கம் திறக்க வேண்டும். மிச்சத்தில் தனி வயரிங், எர்த், பேட்டரி. சுழல் நாற்காலி வேண்டாம், பிள்ளைகள் சுற்றிச் சுற்றி விளையாடும். ஸ்டூல் போதும். தலைவர் அந்தக் கடைசி வரிக்குச் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு மறுக்க அவருக்கு மனம் வரவில்லை.

சாமான் வந்த வாரம் சுலைகா காலையில் வந்தால் பள்ளி விடும்வரை அந்த அறையில்தான் இருந்தார். பதினைந்து பெட்டியையும் முதல் வேலையாகத் திறந்து பார்த்தார். ஒன்றில் ஃபேன் வயர் கழன்றிருந்தது. எலக்ட்ரீசியன் பிளக் பெட்டிகளைத் தரையோடு வைக்கப் போக, கூட்டும்போது தண்ணீர் படும் என்று மேசை உயரத்துக்கு மாற்ற வைத்தார். லேப் திறந்த மறு வாரம், லேப் உதவியாளர் வேலையை அவருக்கே கொடுக்கலாம் என்று எழுதி நான் குழுவுக்கு அனுப்பினேன். பட்டம் இல்லை என்று ஒருவர் சொன்னார். பத்து நாளில் ஆள் அனுப்புகிறவர்களிடம் பட்டம் இருந்ததே என்று தலைவர் கேட்டார். அதோடு முடிந்தது.

சுலைகா வேலையில் சேர்ந்ததைக் கேமரா முன்னால் உட்கார்ந்து சீனி முகம்மதிடம் சொன்னார். "எனக்கு ஒரு கொறையும் வைக்கலையே, எதுக்கு வேலை?" என்று அவர் முதலில் கேட்டாராம். "கொறைக்காகவா போறேன்? பதினஞ்சு கம்ப்யூட்டர் மச்சான்" என்றாராம் இவர்.

2009 மே மாதம், கோடை விடுமுறை. பள்ளியில் யாரும் இருக்க மாட்டார்கள் என்று நினைத்து ஒரு கோப்பு எடுக்கப் போனேன். லேப் கதவு திறந்திருந்தது. மேசைகளின் மேல் பதினைந்து பெட்டிகளும் பக்கவாட்டுத் தகரம் கழற்றிக் கிடந்தன. சுலைகா மெமரிப் பட்டைகளை ஒவ்வொன்றாக உருவி, அதன் பொன்னிறப் பல்வரிசையை அழிரப்பரால் தேய்த்துக்கொண்டிருந்தார். உப்புக் காற்றில் அதில் மங்கல் படர்ந்துவிடுமாம், விட்டால் ஜூனில் பாதி எழாதாம். மேசையில் ஏழெட்டு அழிரப்பர்கள். அதில் இரண்டு வாசனை ரப்பர், ஆறாம் வகுப்பில் பறிமுதல் செய்தவை.

"நானும் கொஞ்சம் செய்யட்டுமா?" என்றேன்.

ஒன்றை என் கையில் கொடுத்தார். தேய்த்தேன். அது நன்றாகவே வந்தது. திரும்பச் செருகுகிற இடத்தில்தான் தகராறு. அழுத்தினேன், போகவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக அழுத்தினேன். சுலைகா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"பட்டையில ஒரு வெட்டு இருக்கு பாருங்க டீச்சர். நீங்க தலைகீழாப் பிடிச்சிருக்கீக."

திருப்பினேன். இப்போதும் போகவில்லை. அவர் அதை மெதுவாக என் விரல்களிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"நீங்க தேய்ச்சு மட்டும் குடுங்க. மாட்டுறதை நான் பாத்துக்குறேன்" என்றார்.

மீதியை எல்லாம் நான்தான் தேய்த்துக் கொடுத்தேன். மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. அறை முழுக்க ஸ்ட்ராபெரி வாசனை.